பழித்த நாவே பாட்டாயிற்று

1913ஆம் ஆண்டு. தென்னமெரிக்காவில், அர்செந்தீனா நாட்டின் தலைநகராகிய புவெனோசு ஐரெசில், ஓதெயோன் என்னும் நாடக அரங்கம். குடியரசுத் தலைவர் உரோக்கே சாயென்சு பெஞ்ஞா வந்து அமர்ந்திருக்கிறார். ஆட்சியாளரும் பெருநிலக்கிழாரும் புலமையரும் சூழ இருக்கின்றனர். மேடையேறிச் சொற்பொழிவாற்றுகிறவர் இலெயோபோல்தோ இலூகோனெசு; அற்றை நாளில் அந்நாட்டின் தலையாய பாவலர். அவர் நாட்டிய கருத்து இது: கிரேக்கர்க்கு ஓமரின் பாட்டு எத்தகையதோ, அர்செந்தீனர்க்கு 'மார்த்தீன் பியெரோ' அத்தகையது, நாட்டினத்தின் பெருங்காப்பியம் அதுவே.

அவை மகிழ்ந்தது. ஆனால், அக்காப்பியத்தின் தலைவன் எவன்? கையகல நிலமும் தன்னதென்று இல்லாதவன். கட்டாயப் படைப்பணியிலிருந்து தப்பி ஓடியவன். ஊர்க்காவலர் வேட்டையாடிய குற்றவாளி. பள்ளிப் படிப்பறியாத நாட்டுப்புறத்தான். அவன்தான் கௌச்சோ. அவன் உயிரோடு திரிந்த காலத்தில் அவனுக்குக் கிடைத்தவை சாட்டையும் சிறையும் எல்லைக் காவற்கோட்டையும். அவன் ஒழிந்த பின்னர்க் கிடைத்தது பாராட்டு. அவனை ஒழித்த ஆட்சியின் மரபில் வந்தோரே அவன் பாட்டுக்குக் கைதட்டினர். இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாத எவரும் அந்நாட்டின் இலக்கியத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

கௌச்சோ யார்?

அர்செந்தீனாவிலும் உருகுவேயிலும் கண்ணுக்கெட்டிய தொலைவும் மரமின்றிப் பரந்து கிடக்கும் புல்வெளிக்குப் 'பாம்பா' என்று பெயர். எசுப்பானியர் கொண்டுவந்து விட்ட மாடுகளும் குதிரைகளும் அவ்வெளியில் காட்டுமந்தைகளாகப் பெருகின. அவற்றைக் கண்ணிக்கயிறு வீசிப் பிடித்தும், தோலுரித்து விற்றும், குதிரை முதுகையே வீடாகக் கொண்டும் வாழ்ந்த கலப்புக் குருதி மக்களே கௌச்சோக்கள். 18ஆம் நூற்றாண்டின் அரசு ஆவணங்களில் அப்பெயர் மாட்டுக் கள்வன், ஊர்சுற்றி என்னும் பொருளிலேயே ஆளப்பட்டது. பெயரே பழிச்சொல்லாக இருந்தது.

1810இல் எசுப்பானிய ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் மூண்டபோது அப்பழிச்சொல்லுக்குரியவர்களே குருதி சிந்தினர். வடக்கே சால்த்தா நாட்டில் மார்த்தீன் மிகேல் தெ குவெமெசு என்னும் தலைவனின் கீழ் நின்று, படைகொண்டு வந்த எசுப்பானியரை மீண்டும் மீண்டும் மறித்தவர்கள் கௌச்சோக்களே. அதற்குக் கைம்மாறாக அவர்கள் பெற்றது என்ன? போர் நடந்துகொண்டிருந்த 1815ஆம் ஆண்டிலேயே புவெனோசு ஐரெசு மாகாணத்தில் ஓர் ஆணை பிறந்தது. தன்னதென்று சொத்தில்லாத நாட்டுப்புறத்தான் ஒவ்வொருவனும் வேலையாளாகவே கருதப்படுவான், தன் முதலாளி இன்னார் என்று காட்டும் சீட்டை அவன் எப்போதும் கையில் வைத்திருத்தல் வேண்டும், மூன்று திங்கட்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும், சீட்டில்லாதவன் ஊர்சுற்றியாவான், அவனுக்கு ஐந்தாண்டுப் படைப்பணி ஒறுப்பு. விடுதலைக்குப் போரிட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட விடுதலை இதுதான்!

தாய்மண்ணில் நடமாடுவதற்கே பிறன் தரும் சீட்டு வேண்டும் என்றால், அம்மண் எவருடையது? பின்னர்க் கம்பிவேலி வந்தது. வெளி பண்ணைகளாகத் துண்டுபட்டது. காட்டுமாடு முதலாளியின் மாடாயிற்று. நேற்றுவரை வேட்டையாக இருந்தது இன்று திருட்டு எனப்பட்டது.

கற்றோர் செய்த கொடுமை

நிலத்தைப் பறித்தவர்களுக்குத் துணையாக நாவைப் பழிக்கக் கற்றோர் முன்வந்தனர். அவர்களுள் தலையாயவர் தொமிங்கோ பாவுத்தீனோ சார்மியெந்தோ. சிலி நாட்டில் அகதியாக இருந்தபோது 1845இல் அவர் வெளியிட்ட 'பக்குந்தோ' என்னும் நூல், 'நாகரிகமும் காட்டாண்டித்தனமும்' என்று நாட்டையே இரண்டாகப் பிளந்து காட்டியது. நகரமும் ஐரோப்பாவும் நாகரிகம். புல்வெளியும் கௌச்சோவும் காட்டாண்டித்தனம். நூலோடு அவ்வெண்ணம் நிற்கவில்லை. 1861இல் படைத்தலைவர் மித்திரேக்கு எழுதிய மடலில், கௌச்சோக்களின் குருதியைச் சிக்கனப்படுத்த வேண்டா என்று அவரே அறிவுரை கூறினார். 1868 முதல் 1874 வரை அவரே குடியரசுத் தலைவருமானார். எழுதுகோல் செங்கோலாயிற்று, பழிப்புரை ஆட்சிமுறையாயிற்று.

சார்மியெந்தோ பள்ளிகள் பலவற்றைத் திறந்தார் என்பது உண்மை. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால், அப்பள்ளிகளில் கௌச்சோவின் மகன் முதலில் கற்கவேண்டியிருந்த பாடம், தன் தந்தை பேசுவது பேச்சன்று என்பதே. இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'பக்குந்தோ' இன்றும் படிக்கப்படுவது எதனால்? அடிச்சுவடு கண்டு கள்வனைக் கண்டறியும் தடங்காண்போன், இரவிலும் புல்லின் சுவையறிந்து வழி காட்டும் வழிகாட்டி, கித்தாரொடு ஊரூராகச் செல்லும் பாணன் ஆகியோரைப் பற்றிய பக்கங்களால் அன்றோ? எவரைக் காட்டாண்டிகள் என்று இகழ்ந்தாரோ, அவர்களே அவர் நூலுக்கு உயிர் கொடுத்தனர். பகைவனின் ஏட்டிலும் அம்மக்களின் அழகு மறைக்க முடியாமல் ஒளிவீசியது.

கொச்சை எனப்பட்டது எது?

கௌச்சோவின் எசுப்பானியம் சிதைந்த மொழி, கொச்சை மொழி, குதிரைக் கொட்டிலின் மொழி என்றெல்லாம் நகரத்தார் நகையாடினர். 'அசீ' என்று நகரத்தார் சொல்லுமிடத்துக் கௌச்சோ 'அன்சீ' என்பான். 'மிசுமோ' என்னுமிடத்து 'மெசுமோ' என்பான். இவை பிழைகளா? செர்வாந்தெசு என்னும் எசுப்பானியப் பேரெழுத்தாளரின் ஏடுகளைப் புரட்டினால் இவ்வடிவங்களை அங்கேயே காணலாம். எசுப்பானிய இலக்கியத்தின் பொற்காலம் எனப்படும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கற்றோர் நாவில் வழங்கிய வடிவங்கள், கடல் கடந்து வந்து, கல்லாதார் நாவில் காப்பாற்றப்பட்டிருந்தன. தலைநகரம் மறந்ததைப் புல்வெளி மறக்கவில்லை. பழமையைப் பேணியவனுக்குப் பிழைபட்டவன் என்று பெயர்!

முன்னிலைச் சொல்லாகிய 'வோசு' என்பதன் வரலாறும் அத்தகையதே. எசுப்பானியாவிலிருந்து வந்த பழைய சொல் அது. அங்கே அது வழக்கிறந்தது. இங்கே எளிய மக்கள் நாவில் வாழ்ந்தது. பள்ளி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக அதனைக் கண்டித்தனர். பிள்ளைகள் வகுப்பில் 'தூ' என்றும் தெருவில் 'வோசு' என்றும் சொல்லி, இரண்டு நாக்கோடு வளர்ந்தனர். இறுதியில் 1982ஆம் ஆண்டு அர்செந்தீன இலக்கியக் கழகம் அச்சொல்லாட்சியைச் செம்மையான வழக்கு என்று ஏற்றுக்கொண்டது. மக்கள் கழகத்திடம் போகவில்லை. கழகமே மக்களிடம் வந்தது.

இங்ஙனம் வரும் என்பதை முன்னரே உணர்ந்தோரும் இருந்தனர். மத்ரீதில் உள்ள எசுப்பானிய மொழிக்கழகம் உவான் மரீயா குத்தியெரெசு என்னும் அர்செந்தீனப் புலமையர்க்கு உறுப்பாண்மை வழங்கி ஆவணம் அனுப்பியது. பிறர்க்கு அது பெரும்பேறு. அவரோ 1875இன் இறுதியில் அதனைத் திருப்பி அனுப்பினார். கடலுக்கு அப்பாலுள்ள ஓர் அவை தங்கள் மொழிக்கு வேலியிட இயலாது என்பதே அவர் நிலைப்பாடு. தன்மதிப்புடையார் செயல் அது.

பாட்டு பிறந்த வழி

கௌச்சோ நாவைப் பாட்டில் ஏற்றிய முதற்பாவலர், மொந்தேவிதேயோவில் 1788இல் பிறந்த பார்த்தொலொமே இதால்கோ. ஏழைக் குடியினர். விடுதலைப் போரின்போது 'சியெலித்தோ' என்னும் நாட்டுப்புற ஆடற்பாட்டு வடிவில் போர்ப்பாட்டுகள் இயற்றினார். 1821இல் கௌச்சோ இருவர் தம்முள் உரையாடுவதாக அவர் அமைத்த பாட்டுகளில் கேள்வி கூர்மையானது: விடுதலை வந்தது என்கிறார்கள், ஏழைக்கு என்ன வந்தது? அடுத்த ஆண்டே அவர் வறுமையில் இறந்தார். ஆனால், கௌச்சோ தன் நாவாலேயே நாட்டைப் பற்றிப் பேசலாம் என்னும் வழி திறந்துவிட்டது.

பின்வந்தோர் அவ்வழியில் நடந்தனர். எனினும் எல்லாரும் நேராக நடந்தாரல்லர். இலாரியோ அசுகாசுபி, கொடுங்கோலன் உரோசாசை எதிர்த்து அப்பேச்சைக் கட்சிப் படைக்கலமாக்கினார். எசுத்தனிசுலாவோ தெல் காம்போ 1866இல் எழுதிய 'பாவுசுத்தோ'வில், தலைநகரின் இசைநாடக அரங்கிற்குள் புகுந்த ஒரு கௌச்சோ, மேடையில் கண்ட பேயை மெய்ப்பேய் என்றே நம்பித் தன் நண்பனுக்கு எடுத்துரைக்கிறான். இனிய பாட்டுதான். ஆயினும் சிரிப்பவர் நகரத்தார். சிரிப்புக்கு உரியவன் கௌச்சோ.

அந்நிலையை மாற்றியவர் ஓசே எர்னாண்டெசு. 1834இல் பிறந்தவர், இளமையைப் பண்ணைகளில் கழித்தவர், மைய ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியில் சேர்ந்து தோற்றுப் பிரேசிலுக்குச் சென்றவர். திரும்பி வந்து, சார்மியெந்தோ ஆட்சி நடந்துகொண்டிருந்த 1872ஆம் ஆண்டிலேயே 'கௌச்சோ மார்த்தீன் பியெரோ'வை வெளியிட்டார். 2,316 அடிகள். அடிக்கு எட்டு அசை, கண்ணிக்கு ஆறடி, முதலடி இயைபின்றித் தனித்து நிற்க, ஏனைய ஐந்தும் இயைபு பெறும். கித்தாரை மீட்டிக்கொண்டு பாணன் ஒருவன் தன் கதையைத் தானே பாடுவதாக அமைந்தது அப்பாட்டு.

கதை எளியது. மனைவியும் மக்களும் குடிசையும் உடைய உழைப்பாளி ஒருவனை, கடைத்தெருவில் பாடிக்கொண்டிருக்கையில் ஊர் நடுவன் பிடித்து எல்லைப்படைக்கு அனுப்புகிறான். ஆண்டுகள் உருள்கின்றன, சம்பளம் வரவில்லை, அடி மட்டும் வருகிறது. தப்பி வந்து பார்க்கிறான், குடிசை பாழ், மனைவி இல்லை, மக்கள் எங்கோ. அதன்பின் அவன் சட்டத்தின் பகைவன். அவனைப் பிடிக்க வந்த காவற்படையின் தலைவனாகிய குருசு, தனியனாய் நின்று பொருதும் அவன் மறத்தைக் கண்டு, தன் படையை விட்டு அவன்பக்கம் வந்து நின்று போரிடுகிறான். நாகரிகத்தில் இடமில்லாத இருவரும் எல்லை கடந்து பழங்குடியினரிடம் செல்கின்றனர். போகுமுன் பியெரோ தன் கித்தாரை உடைத்தெறிகிறான். குற்றவாளி பிறப்பதில்லை, சட்டத்தால் ஆக்கப்படுகிறான் என்பதை அந்நாட்டு இலக்கியத்தில் இவ்வளவு வெளிப்படையாக அதற்குமுன் எவரும் பாடவில்லை.

அக்கதையை வாங்கியோர் யார்? 1869ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, ஏறத்தாழ 18 இலக்கம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், நான்கில் மூவர்க்கு மேற்பட்டோர் எழுத்தறியாதார். அங்கே ஆறாண்டுகளில் பதினொரு பதிப்புகள்; 48,000 படிகள்! 1879இல் இரண்டாம் பகுதியாகிய 'மார்த்தீன் பியெரோவின் மீட்சி'யின் முன்னுரையில் எர்னாண்டெசே தரும் கணக்கு இது. மலிவுத் தாளில் அச்சிட்ட அச்சிறுநூல், நாட்டுப்புறச் சாராயக் கடைகளில் தீக்குச்சியோடும் உப்போடும் சேர்த்து விற்கப்பட்டது. எழுத்தறிந்த ஒருவன் படிக்க, அறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். கேட்டவர் மனப்பாடம் செய்தனர். புலமையரின் மதிப்புரைக்கு அது காத்திருக்கவில்லை. தம் குரலைக் கேட்டதும் இது தம்முடையது என்று மக்கள் எடுத்துக்கொண்டனர்.

ஒரு பாட்டிலிருந்து ஓர் இலக்கியம்

அங்கிருந்து கிளைகள் பரந்தன. எதுவார்தோ குத்தியெரெசு, காவலரால் 1874இல் கொல்லப்பட்ட மெய்யான கௌச்சோ ஒருவனின் கதையை 'உவான் மொரேரா' என்று செய்தித்தாளில் தொடராக எழுதினார். பொதெசுதா குடும்பத்தினர் அதனை 1884இல் வட்டரங்கில் ஊமைக்கூத்தாகவும், 1886இல் சிவில்கோய் என்னும் ஊரில் பேச்சு நாடகமாகவும் நடித்தனர். அர்செந்தீன நாடக அரங்கின் தொடக்கத்தை அவ்வட்டரங்கு மணலில்தான் வரலாற்றாசிரியர் காண்கின்றனர். இரிக்கார்தோ உரோகாசு 1913இல் புவெனோசு ஐரெசுப் பல்கலைக்கழகத்தில் அர்செந்தீன இலக்கியத்துக்கென முதன்முதல் நிறுவப்பெற்ற இருக்கையில் அமர்ந்தார். 1917இல் தொடங்கி அவர் எழுதிய இலக்கிய வரலாற்றின் முதன்மடலமே கௌச்சோ பாட்டைப் பற்றியதுதான். 1924இல் தோன்றிய புதுமைப் பாவலர் தாளிகைக்கும் 'மார்த்தீன் பியெரோ' என்றே பெயர். 1926இல் இரிக்கார்தோ குவிரால்தெசின் 'தொன் செகுந்தோ சோம்பிரா' என்னும் புதினம் வந்தது. ஆங்கில நூல்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்த ஓர்கே லூயிசு போர்கெசு கூட அப்பாட்டை விட்டு விலக இயலவில்லை. 1944இல் குருசுவின் வாழ்வைச் சிறுகதையாக்கினார். 1953இல் மார்த்தீன் பியெரோவின் சாவைச் சிறுகதையாக்கினார். 2017இல் கபிரியேலா கபெசோன் காமரா, மூலப்பாட்டில் பெயர்கூட இல்லாத பியெரோவின் மனைவிக்குப் பெயரும் நாவும் கொடுத்துப் புதினம் படைத்தார். ஒன்றரை நூற்றாண்டாகியும் அந்நாட்டார் அப்பாட்டோடு வழக்காடி முடிக்கவில்லை. வேரோடு வழக்காடுவது மரத்துக்கு இயல்பே.

இரு மறுப்புகளும் ஒரு திருட்டும்

மறுப்போர் முதலில் கூறுவது: இதனை எழுதியோர் கௌச்சோக்கள் அல்லர், நகரத்துக் கற்றோர். எனவே இது புனைந்த பேச்சு. போர்கெசும் தம் 1951ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் இவ்வேறுபாட்டை வற்புறுத்தினார்: மெய்யான நாட்டுப்புறப் பாணர் வட்டாரச் சொற்களை அள்ளித் தெளிப்பதில்லை, பெரும்பொருள்களையே பாட முயல்வர். இஃது உண்மை. ஆனால், இவ்வுண்மை எவர் பக்கம் நிற்கிறது? இரண்டாம் பகுதியின் இறுதியில் பியெரோவும் ஒரு கறுப்பினப் பாணனும் எதிரெதிர் அமர்ந்து பாடுகின்றனர். அவர்கள் பாடுபொருள் மாடும் சேணமும் அல்ல. வானத்தின் பாட்டு எது, கடலின் பாட்டு எது, காதல் எங்குப் பிறக்கிறது, சட்டம் என்பது என்ன, காலம் என்பது என்ன என்பனவே. கல்லாதார் மொழியில் எண்ணம் இயலாது என்று முழங்கியோர்க்கு, அம்மொழியிலேயே எர்னாண்டெசு இறுத்த விடை அது. எழுதிய கை எவருடையது என்பதை விட, எந்த நாவுக்கு அது பணிந்தது என்பதே கேள்வி.

இரண்டாம் மறுப்பு: இப்பாட்டில் குறை உண்டு என்பது. உண்டு. பியெரோ ஒரு கறுப்பினத்தானை இகழ்ந்து வம்புக்கிழுத்துக் கொல்கிறான். பழங்குடியினரைப் பாட்டு கொடியோராகவே காட்டுகிறது. 1879இல் உரோகாவின் படை அப்பழங்குடியினரின் நிலத்தைப் பறிக்கப் புறப்பட்ட அதே ஆண்டில்தான் இரண்டாம் பகுதி வந்தது. அதில் எர்னாண்டெசின் குரலும் தணிந்துவிட்டது; ஆட்சியோடு இணங்கி அவர் சட்டமன்ற உறுப்பினருமானார். மிதிபட்டவன் தன்னினும் கீழே ஒருவனை மிதிக்கிறான். இதனை மூடி மறைப்பது அப்பாட்டுக்குச் செய்யும் பெருமையன்று. எனினும், எதிர்ப்பாட்டுப் பாட வந்த அக்கறுப்பினப் பாணன், கொலையுண்டவனின் தம்பி. தன் அண்ணனின் பெயரால் கேள்வி கேட்க அவனுக்கும் கித்தார் கொடுத்து அமர்த்தியதும் அப்பாட்டே.

மறுப்புகளினும் கொடியது திருட்டு. 1914ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் பிறநாட்டில் பிறந்தோர். இத்தாலியரும் எசுப்பானியரும் அவர்களுள் மிகுதி. தொழிலாளர் கிளர்ச்சிகள் ஓங்கின. அப்போதுதான் மேற்குடியினர்க்குக் கௌச்சோ நினைவு வந்தது. உயிரோடிருந்தபோது அவனை ஒழிக்க ஐரோப்பியக் குடியேற்றத்தை வரவேற்றவர்கள், ஒழிந்த பின் அக்குடியேறியோரை அச்சுறுத்த அவனை எழுப்பினர். இலூகோனெசு தம் சொற்பொழிவுகளை 1916இல் 'எல் பயதோர்' என்று நூலாக்கினார். 1924இல் இலீமா நகரில் 'வாளின் வேளை' வந்துவிட்டது என்று அறிவித்தார். 1930இல் மக்களாட்சியைக் கவிழ்த்த படையாட்சியை ஆதரித்தார். வேலிக்கு எதிராகப் பிறந்த பாட்டு வேலிக்குக் காவலாக நிறுத்தப்பட்டது!

அத்திருட்டு முழுமையாக வெல்லவில்லை. வந்தேறிகள் எனப்பட்டோரின் மக்களே கௌச்சோ பாட்டை மனப்பாடம் செய்தனர். அவன் கோலம் பூண்டு ஆடினர். உருசியப் பேரரசிலிருந்து சிறுவனாய் வந்த யூதராகிய அல்பெர்த்தோ கெர்ச்சுனோபு, 1910இலேயே 'யூதக் கௌச்சோக்கள்' என்னும் நூலை எசுப்பானிய மொழியில் எழுதிவிட்டார். மொழி, தன்னை விரும்பி வந்தோர்க்குத் தாயாயிற்று. தன்னைப் படைக்கலமாக்க வந்தோர்க்கு அடங்கவில்லை.

விழாவும் வினையும்

எர்னாண்டெசு பிறந்த நவம்பர் 10ஆம் நாளைப் புவெனோசு ஐரெசு மாகாணம் 1939இல் மரபு நாளாக்கியது. 1975இல் நாடு முழுமைக்கும் அது சட்டமாயிற்று. 1993இல் திசம்பர் 6ஆம் நாள் கௌச்சோ நாளாக்கப்பட்டது. நன்று. குதிரைகள் அணிவகுக்கின்றன, கித்தார்கள் ஒலிக்கின்றன. ஆனால், 1815இன் சீட்டு கேட்ட மாகாணமும் அதே மாகாணந்தான் என்பதை அவ்விழாக்கள் சொல்வதில்லை.

ஒரு மக்களின் நாவைப் போற்றுவேன், அவர்தம் நிலத்தைத் தாரேன் என்பவன் போற்றுவது மொழியையன்று, பிணத்தின் அணிகலனை. நாவும் நிலமும் பிரிக்க இயலாதவை. அதனை அறிந்திருந்தமையால்தான் மார்த்தீன் பியெரோ நாட்டை விட்டுச் செல்லுமுன் தன் கித்தாரை உடைத்தான். தனக்குப் பின் அதனை வேறெவனும் மீட்டலாகாது என்பது அவன் எண்ணம். மீட்டினார்கள். எனினும், அந்நரம்பில் எழுந்த ஒலி அவனுடையதாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது.